ஹோல்டம் மட்டும் ஆடியவர் கலப்பு போக்கர் போட்டிக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக நோ-லிமிட் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் பொதுச் சீட்டுகள், பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது) மட்டும் ஆடி வருகிறீர்கள். ஹோல்டம், ஓமஹா, ராஸ், ஸ்டட், எட்டுக்குக் கீழ் ஸ்டட் என்ற ஐந்து போக்கர் ஆட்டங்கள் மாறி மாறி வரும் ஹார்ஸ் போட்டி ஒன்றில், குறைந்த கட்டணம்தானே என்று பெயர் கொடுக்க நினைக்கிறீர்கள். மற்ற ஆட்டங்களின் விதிகள் தெரியும், ஆடிய பழக்கம் இல்லை. எதை முதலில் படிப்பது, சிப்ஸ் தீர்ந்தால் மறுபடியும் கட்டணம் கட்டி நுழைவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: ஐந்து ஆட்டத்திலும் தேர்ந்தவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தால் தோலை உரித்துவிடுவார்களோ? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பல ஆண்டுகள் போக்கர் மேசைகளில் சீட்டுப் போடும் டீலராக இருந்தவன். வேலை இல்லாத நாட்களில் லிமிட் ஆட்டங்கள் (பந்தய அளவு வரையறுக்கப்பட்டவை) ஆடுவதும் உண்டு. யார் எந்தச் சீட்டைக் காட்டித் தோற்றார் என்பது டீலருக்கு நாள் முழுவதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குறைந்த கட்டணப் போட்டிகளில் ஐந்தையும் ஒழுங்காக ஆடுபவர் மேசைக்கு ஒருவர் தேறினால் அதிகம். மற்றவர்களுக்கு இரண்டு ஆட்டம் நன்றாக வரும், ஒன்று சுமாராக வரும், மீதி இரண்டில் குருட்டாம்போக்கில் ஓட்டுவார்கள். இது நான் உட்கார்ந்த மேசைகளில் கண்டதுதான், எங்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஹோல்டம் ஆட்டக்காரர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிய ஆட்டம் தெரியாததால் அவர்கள் இழப்பது கொஞ்சம்தான். ஹோல்டமில் படிந்த பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஆடுவதால் இழப்பதுதான் ஏராளம்.

முதல் பழக்கம், பெரிதாகப் போட்டு எதிராளியை விரட்டுவது. ஹார்ஸின் ஐந்து ஆட்டங்களும் லிமிட் ஆட்டங்கள். முதல் சுற்றுகளில் சிறு பந்தயம், பிந்திய சுற்றுகளில் அதன் இரு மடங்கான பெரிய பந்தயம், அவ்வளவுதான் போட முடியும். மேசை நடுவில் எட்டு பெரிய பந்தயம் சேர்ந்துவிட்ட பிறகு கடைசிச் சுற்றில் ஒன்றே ஒன்று போட்டால் முடிவைப் பார்க்கலாம் என்றால், ஒன்பதில் ஒரு முறை ஜெயித்தாலே அந்தப் பணம் வீணில்லை. ஆகவே எதிராளி அவ்வளவு எளிதில் ஒதுங்க மாட்டார், ஒதுங்கவும் கூடாது. பிளஃப் அடிப்பதில், அதாவது பலமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு பயமுறுத்துவதில், பெருமைப்படுபவர்கள் லிமிட் ஹோல்டமில் வேகமாகக் கரைந்துபோவது இதனால்தான். இதன் மறுபக்கமும் உண்டு. நோ-லிமிட் ஆடிப் பழகியவர் பெரிய பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக ஒரு சிறு பந்தயம் வைக்கும் இடம்; சிறிய பிளைண்ட் அதில் பாதி) உட்கார்ந்திருக்கும்போது யாராவது பந்தயத்தை ஏற்றினால் உடனே சீட்டைக் கவிழ்த்துவிடுவார். லிமிட்டில் கணக்கு வேறு. ஏற்றியவர் இரண்டு சிறு பந்தயம், நீங்கள் ஏற்கெனவே வைத்த ஒன்று, சிறிய பிளைண்டின் அரை என்று நடுவில் மூன்றரை கிடக்கிறது. நீங்கள் இன்னும் போட வேண்டியது ஒன்று. கிட்டத்தட்ட 22 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். நோ-லிமிட்டில் குப்பை என்று நீங்கள் தள்ளும் பல சீட்டுகள் இங்கே தொடரத் தக்கவை.

இரண்டாவது பழக்கம், தன் சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது. ஹார்ஸின் ஐந்தில் மூன்று ஆட்டங்கள் ஸ்டட் வகை: ராஸ், ஸ்டட், எட்டுக்குக் கீழ் பங்கு பிரிக்கும் ஸ்டட். இவற்றில் நடுவில் பொதுச் சீட்டு கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏழு சீட்டு, அதில் நான்கு எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கும். எட்டுப் பேர் மேசையில் முதல் சீட்டுகள் விழுந்தவுடன், உங்கள் மூன்றையும் மற்றவர்களின் ஏழு திறந்த சீட்டையும் சேர்த்துப் பத்துச் சீட்டு உங்களுக்குத் தெரியும். புதியவர்கள் இந்தத் தகவலை அப்படியே தரையில் கொட்டிவிடுகிறார்கள். ஒதுங்கியவர் சீட்டைக் கவிழ்த்தவுடன் அது மறைந்துவிடும், பிறகு கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதன் விலை என்ன என்று பாருங்கள். உங்களிடம் பத்து ஜோடி, பக்கச் சீட்டு ராஜா. ஹோல்டம் கண்ணுக்கு நல்ல தொடக்கம். ஆனால் எதிரே இரண்டு பேர் முன்னால் ஆளுக்கொரு பத்து திறந்து கிடக்கிறது. அப்படியானால் உங்கள் ஜோடி மூன்றாக மாறவே முடியாது. அதைவிட, மற்ற எட்டுகள் எங்கும் தென்படாத எட்டு ஜோடியும் பக்கத்தில் ஒரு ஏஸும் எனக்கு வந்தால் மகிழ்வேன். இன்னொன்று: ஆறு சீட்டு வந்தபின் உங்களிடம் நான்கு இஸ்பேடு, கடைசிச் சீட்டில் ஐந்தாவது விழுந்தால் ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே ஜாதி. இதுவரை உங்களுடையதும் பிறருடையதுமாக இருபது சீட்டு பார்த்திருக்கிறீர்கள், பார்க்காதது 32. பிறர் கையில் இரண்டு இஸ்பேடு மட்டும் கண்டிருந்தால் இன்னும் ஏழு பாக்கி. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஐந்து இஸ்பேடு கண்டிருந்தால் பாக்கி நான்கு, எட்டில் ஒன்று. உங்கள் சீட்டு ஒன்றேதான், ஆனால் முதல் நிலையில் தொடர்வது லாபம், இரண்டாவதில் பல நேரம் நஷ்டம். எல்லாச் சீட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எனக்குத் தேவையான எண் எத்தனை போய்விட்டது, என் ஜாதி எத்தனை போய்விட்டது என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் விடை வைத்திருங்கள். பத்துச் சீட்டையும் நினைவில் வைப்பேன் என்று கிளம்பியவர்கள் பெரும்பாலும் எதையும் வைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டட்டில் சிப்ஸ் சேர்க்க இன்னொரு வழி உண்டு, அதற்கும் கண்தான் வேண்டும். பந்தய அளவு 300, 600 என்று வையுங்கள். எட்டுப் பேரும் முன்தொகை ஆளுக்கு 50, ஆக 400. மிகத் தாழ்ந்த திறந்த சீட்டு உடையவர் கட்டாயமாகப் போடும் பிரிங்-இன் 100. நடுவில் 500 கிடக்கிறது. உங்களுக்கு முன்னே இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள், உங்களுக்குப் பின்னால் இருவர் மட்டும், அவர்கள் காட்டுவது நான்கும் ஆறும், நீங்கள் காட்டுவது ராணி. 300 போட்டு ஏற்றினால் எட்டில் மூன்று முறை அனைவரும் ஒதுங்கினாலே கைக்காசு திரும்பிவிடும். மூடிய சீட்டு என்னவாக இருந்தாலும் இதைச் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன், அடிக்கடி செய்தால் பிடித்துவிடுவார்கள். ஆனால் ஒருமுறைகூடச் செய்யாதவர், பிறர் இப்படி அள்ளிச் செல்வதைப் பார்த்தபடி முன்தொகையிலேயே தேய்ந்துபோவார்.

ராஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்ந்த சீட்டு ஜெயிக்கும், ஏஸ் தாழ்ந்தது, ஸ்ட்ரெயிட்டும் (வரிசையாக வரும் ஐந்து எண்) ஃபிளஷும் கணக்கில் வராது, ஐந்து நான்கு மூன்று இரண்டு ஏஸ் மிகச் சிறந்தது. எட்டுக்கு மேற்படாமல் மூன்றும் வேறு வேறாக வருவது சுமார் 16 சதவீதம், அதாவது ஆறு கைக்கு ஒன்று. அதுவரை பொறுத்திருங்கள். இங்கே செத்த சீட்டின், அதாவது பிறர் கையில் போய்விட்ட சீட்டின், கணக்கு தலைகீழ். உங்களிடம் ஏஸ், மூன்று, ஆறு இருக்கும்போது பிறர் ஏஸும் மூன்றும் ஆறும் காட்டினால் நல்லது, உங்களுக்கு ஜோடி விழும் ஆபத்து குறைகிறது. அவர்கள் இரண்டும் நான்கும் ஐந்தும் காட்டினால் உங்களுக்கு வேண்டியவை போய்விட்டன. அப்புறம், நல்ல மூன்று சீட்டோடு தொடங்கி ராஜா, ராணி என்று வரிசையாக விழுந்தால் கோபப்பட்டுத் தொடராதீர்கள். ராஸ் மேசையில் புலம்பாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் சிப்ஸ் உண்மையில் பறிபோகும் இடம் பங்கு பிரிக்கும் ஆட்டங்கள்: ஓமஹாவும் (கையில் நான்கு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு), எட்டுக்குக் கீழ் ஸ்டட்டும். உயர்ந்த கைக்குப் பாதி, எட்டுக்கு மேற்படாத தாழ்ந்த கைக்குப் பாதி. பாதி நிச்சயம் என்றால் நஷ்டமில்லை என்று தோன்றும். ஓமஹாவில் உங்களிடம் ஏஸ், இரண்டு, ராணி, ஜாக்கி. மேசையில் மூன்று, ஏழு, எட்டு, ராஜா, ஒன்பது. தாழ்ந்த கையில் உங்களை வெல்ல யாராலும் முடியாது. மூன்று பேர் ஆளுக்கு 1,000 போட்டிருக்கிறீர்கள், மொத்தம் 3,000. உயர்ந்த கைக்காரர் 1,500 எடுத்துக்கொள்கிறார். மீதி 1,500 உங்களுக்கு என்று நினைக்கும்போது இன்னொருவரும் ஏஸ் இரண்டைத் திருப்புகிறார். ஆளுக்கு 750. வெல்ல முடியாத கையை வைத்துக்கொண்டு 250 இழந்தீர்கள். எதிரே ஒருவர் மட்டும் இருந்து, அவரிடமும் ஏஸ் இரண்டு இருந்து, உயர்ந்த கையும் அவருடையதாக இருந்தால் 1,000 போட்டு 500 எடுப்பீர்கள். இத்தனைக்கும் ஓமஹாவில் ஏஸ் இரண்டு உள்ளவர்கள்தான் கடைசிவரை விடாமல் வருவார்கள், அதனால் இது அபூர்வமும் அல்ல.

ஆகவே இந்த இரண்டு ஆட்டங்களிலும் உள்ளே வரும்போதே கேட்க வேண்டியது, இந்தச் சீட்டு இரண்டு பாதியையும் அள்ளுமா என்பதுதான். ஓமஹாவில் ஏஸ் இரண்டோடு மூன்றோ நான்கோ இருந்து, ஏஸ் ஜாதியில் இன்னொரு சீட்டும் இருந்தால் அது முதல் தரம். மூன்றாவது தாழ்ந்த சீட்டு எதற்கு? மேசையில் மூன்று, ஏழு, ராஜா, எட்டு இருக்கும்வரை உங்கள் ஏஸ் இரண்டுதான் ராஜாங்கம். கடைசியில் ஒரு இரண்டு விழுகிறது. இப்போது ஏஸ் நான்கு வைத்திருப்பவர் ஏழு நான்கு மூன்று இரண்டு ஏஸ் என்று உங்களைத் தாண்டிவிடுகிறார். உங்களிடமே ஒரு நான்கு இருந்திருந்தால் அந்தக் கை உங்களுடையது. கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று என்ற விதியையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹோல்டமிலிருந்து வருபவர்கள் கையில் ஒரே ஒரு இஸ்பேடும் மேசையில் நான்கு இஸ்பேடும் வைத்துக்கொண்டு ஃபிளஷ் என்று திருப்பிக் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எட்டுக்குக் கீழ் ஸ்டட்டில் ஏஸ் நான்கு ஐந்து போன்ற மூன்று தாழ்ந்த சீட்டு நல்ல தொடக்கம், தாழ்ந்த கையாகவும் ஸ்ட்ரெயிட்டாகவும் வளரும். ஒன்பது பத்து ஜாக்கி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நன்றாக அமைந்தாலும் பல நேரம் பாதிக்கு மேல் கிடைக்காது. ராஜா ஜோடியோடு நிற்கும்போது எதிராளி முன்னால் மூன்று, ஐந்து, ஆறு என்று திறந்து விழுந்தால், அவருக்குப் பாதி கிட்டத்தட்ட உறுதி, மீதிப் பாதிக்கும் அவருக்கு வழி இருக்கிறது. இலவசமாக உங்களை அடித்துக்கொண்டிருப்பார்.

ஆட்டம் மாறும் நேரம் தனிக் கவனம் கேட்கும். சில போட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கை முடிந்ததும் மாறும், சிலவற்றில் பந்தய அளவு உயரும் கட்டம் ஏறும்போது மாறும். பெயர் கொடுக்கும் இடத்தில் போட்டி அமைப்புத் தாளை வாங்கிப் பாருங்கள். டீலர் முன்னால் என்ன ஆட்டம் என்று சொல்லும் பலகை இருக்கும். சீட்டைத் தொடுமுன் அதை ஒவ்வொரு கைக்கும் பாருங்கள். ராஸ் முடிந்து ஸ்டட் வந்ததைக் கவனிக்காமல் ஏஸ் இரண்டு ஐந்து என்று குதூகலமாக ஏற்றுபவர் எல்லாப் போட்டியிலும் ஒருவராவது உண்டு. ஸ்டட்டில் தாழ்ந்த சீட்டு உடையவர் பிரிங்-இன் போடுவார், ராஸில் உயர்ந்த சீட்டு உடையவர். சந்தேகம் இருந்தால் டீலரைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

டீலராக இருந்தவன் என்பதால் இன்னும் மூன்று சொல்கிறேன். பங்கு பிரிக்கும் ஆட்டத்தில் கடைசியில் உங்கள் சீட்டு எல்லாவற்றையும் திறந்து மேசையில் வையுங்கள், இரண்டு பாதியும் கைமாறும்வரை எடுக்காதீர்கள். திறந்த சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு, நீங்கள் வாயால் சொன்னது அல்ல. தாழ்ந்த கை தன்னிடம் இருந்ததே தெரியாமல் கவிழ்த்துவிட்டவருக்கு யாராலும் உதவ முடியாது. ஸ்டட்டில் உங்கள் முறை வரும்போது திறந்த சீட்டுகளை மேசையிலிருந்து கையில் எடுக்காதீர்கள், உங்கள் கை செத்துவிட்டதாக அறிவிக்கப்படலாம். ஏற்ற நினைத்தால் வாயால் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரே பெரிய சிப்பைப் போட்டால், பிறர் போட்டதற்கு ஈடு கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

இதுவரை சொன்னதில் சீட்டுக் கணக்கும் விதிகளும் உறுதியானவை. எந்தச் சீட்டோடு நுழையலாம் என்பதில் நல்ல ஆட்டக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, என் பேச்சைச் சற்றுக் கஞ்சத்தனமான ஆலோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டியின் முடிவை வைத்து உங்கள் திறமையை எடைபோட முடியுமா என்றால், முடியாது என்றே நினைக்கிறேன். லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் 2006-ல் முதன்முறையாக 50,000 டாலர் கட்டணத்தில் ஹார்ஸ் போட்டி வைத்தார்கள். 143 பேர் வந்தார்கள், சிப் ரீஸ் வென்றார். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டின் கடைசி மேசையைத் தொலைக்காட்சிக்காக நோ-லிமிட் ஹோல்டமாக மாற்றிவிட்டார்கள். 2010-ல் அதே கட்டணப் போட்டியை எட்டு ஆட்டக் கலப்பாக மாற்றினார்கள். அதை மைக்கேல் மிஸ்ராச்சி 2010, 2012, 2018, 2025 என நான்கு முறை வென்றிருக்கிறார். நீண்ட ஓட்டத்தில் திறமை பேசும் என்பதற்கு இது போதும். அந்த நான்குக்கு நடுவில் வெறுங்கையோடு போன ஆண்டுகளும் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன போட்டி ஹார்ஸ் என்பதால் டிரா ஆட்டங்களுக்குள் (கையிலுள்ள சீட்டை மாற்றிக்கொள்ளும் ஆட்டங்கள்) நான் போகவில்லை, அவற்றில் என் பழக்கமும் குறைவு. எட்டு ஆட்டக் கலப்புக்குப் போனால் இரண்டு-ஏழு டிராவில் ஏஸ் உயர்ந்தது, ஸ்ட்ரெயிட்டும் ஃபிளஷும் கெடுதல், ஏழு ஐந்து நான்கு மூன்று இரண்டுதான் சிறந்தது என்பதை ராஸோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் முதல் நாளுக்குப் போதும்.

படிக்கும் வரிசையைக் கேட்டீர்கள். நானாக இருந்தால் ஓமஹாவை முதலில் எடுப்பேன், தவறின் விலை அங்கேதான் அதிகம். அடுத்து ஸ்டட், ஏனென்றால் திறந்த சீட்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ராஸும் எட்டுக்குக் கீழ் ஸ்டட்டும் பாதி வந்த மாதிரி. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து எட்டுக் கை போட்டு, திறந்த சீட்டுகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஐந்தைக் கவிழ்த்துவிட்டு, எந்த எண்கள் போயின என்று சொல்லிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நான்கைந்து நாளிலேயே கண் மாறுவது தெரியும். லிமிட் ஹோல்டம் கடைசியில் இருக்கட்டும். பணத்துக்கு ஆடுவது உங்கள் இடத்தில் சட்டப்படி சரிதானா என்பதையும் கட்டணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மறுநுழைவு. ஸ்டட் வகையில் ஒரு கையை யாரும் ஏற்றாமல் கடைசிவரை கொண்டுபோனால், இரண்டு சிறு பந்தயமும் மூன்று பெரிய பந்தயமும் ஆக, நான்கு பெரிய பந்தயம் செலவாகும். போட்டி 20,000 சிப்ஸோடு, 100, 200 அளவில் தொடங்கினால் உங்களிடம் நூறு பெரிய பந்தயம் இருக்கிறது, இருபத்தைந்து முழுக் கைகள் ஆடலாம். மறுநுழைவு மூடும் நேரத்தில் அளவு 1,000, 2,000 ஆகிவிட்டால் அதே கட்டணத்துக்குக் கிடைப்பது பத்து, இரண்டரைக் கை. முதல் சில கட்டங்களுக்குள் சிப்ஸ் தீர்ந்து, இரண்டாவது கட்டணமும் முன்கூட்டியே ஒதுக்கிய பணமாக இருந்தால் நுழையுங்கள். இருபது பெரிய பந்தயத்துக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால் நான் கட்ட மாட்டேன். அந்தப் பணத்தை அடுத்த போட்டியின் முதல் கைக்கு வைத்துக்கொள்வேன்.